கப்பல் தையல்

நாத்தனார் வீடு வாங்கியதில் கோணியூசிக்கு வருத்தம் இல்லை. கையில் காசு இருக்கிறது, வாங்குகிறாள். ஆனால் ஊரில் எத்தனையோ வீடு இருக்க, போயும் போயும் வீடுகளாக மாற்றிய அந்தப் பழைய துறைமுகக் கிடங்கில், அதுவும் மூன்றாவது மாடியில், அதுவும் கடல் பக்கத்து ஜன்னலோடு வாங்கினாள் பாருங்கள், அங்கேதான் இவளுக்கு வயிறு பற்றிக்கொண்டது.

"நான் நின்னு சாக்கு தைச்ச எடத்துல அவ கட்டில் போட்டுப் படுத்திருக்கா டீயக்கா. நல்லா இருப்பாளா?"

"நல்லாத்தான் இருப்பா. காத்து வருமே," என்றேன்.

"உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்." தம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, மீதி இருந்த டீயையும் குடித்துவிட்டுப் போனாள்.

நானும் அவளும் ஒட்டுச் சுவர்க்காரர்கள். துறைமுகத்துக் கூலிக்காரர்களுக்கென்று கட்டிய வரிசை வீடு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் திட்டு விழும். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்யும். கிடங்கில் சேர்ந்த மாதமே அது போய், கோணியூசி ஆகிவிட்டாள். சாக்கு தைக்கிற ஊசி நுனி வளைந்து இருக்கும், எந்தப் பக்கம் குத்தி எந்தப் பக்கம் வெளியே வரும் என்று தெரியாது. அவள் வாயும் அப்படி.

நான் அந்தக் கிடங்கு வாசலில் டீ விற்றவள். இப்போது அங்கே கண்ணாடி போட்ட காபிக்கடை இருக்கிறது. காபி நுரையில் இலை வரைந்து கொடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரியவில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். என் அடுப்பு இப்போது என் வீட்டு ஜன்னலுக்குள் வந்துவிட்டது.

அப்போது துறைமுகம் துறைமுகமாக இருந்தது. சர்க்கரையும் தானியமும் கிடங்கில் மலையாகக் குவியும். மூன்றாவது மாடியில் பெண்கள் வரிசையாக நின்று மூட்டை வாய் தைப்பார்கள். சணல் தூசி மூக்கிலும் இமையிலும் அப்பிக்கொண்டு, சாயங்காலம் இறங்கி வரும்போது கிழவி குமரி எல்லோருக்கும் ஒரே நிறத் தலை. முதலில் என் டீயில் வாயைக் கொப்பளித்துத் துப்புவார்கள், அப்புறம்தான் குடிப்பார்கள்.

தையல் இரண்டு வகை. கிடங்கிலேயே இருக்கப்போகிற மூட்டைக்குக் கிடங்குத் தையல். அதிகாரிகள் வந்து பிரித்துப் பார்ப்பார்கள், மறுபடி மூட வேண்டும். அதனால் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டே போய், கடைசியில் நூலைக் கொஞ்சம் வெளியே தொங்க விடுவார்கள். தொங்கலைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் சரசரவென்று முழு வாயும் திறந்துகொள்ளும். கப்பல் ஏறுகிற மூட்டைக்குக் கப்பல் தையல். கப்பல் வயிற்றுக்குள் உருண்டு புரண்டாலும் பிரியக் கூடாது. நாலு குத்துக்கு ஒரு முடிச்சு, நுனியை உள்ளே சொருகி மறைத்துவிடுவார்கள். கத்தி இல்லாமல் திறக்காது. போகிற மூட்டை திரும்பி வருவதில்லை, அதற்கு எதற்குத் தொங்கல்?

வேகமாகத் தைக்கிறவளுக்கு ஜன்னலோரம். அது மேஸ்திரி வைத்த சட்டம். கோணியூசி வந்த நாளிலிருந்து ஜன்னல் அவளுடையது. கடல் காற்று நேரே அவள் முகத்தில் அடிக்கும், அவள் தூசியெல்லாம் நடு வரிசைக்குப் போகும். நடு வரிசையில் நின்றவள்தான் இந்த நாத்தனார். அப்போது நாத்தனார் இல்லை, சிநேகிதி. "எனக்கு ஒரு அண்ணன் இருக்கான், வாயே திறக்க மாட்டான், உனக்குச் சரியா இருப்பான்," என்று சொல்லிக் கல்யாணம் முடித்துவைத்ததே அவள்தான்.

பிறகு ஆழமான வேறு துறைமுகம் வந்தது, கப்பல்கள் அங்கே போய்விட்டன. கடைசிக் கப்பல் போன வாரமே நாத்தனாரும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஒருத்தனைக் கட்டி, அவன் விட்டுவிட்டுப் போய், பிள்ளை குட்டி இல்லாமல், இருபது வருஷம் உழைத்துச் சேர்த்து இப்போது திரும்பியிருக்கிறாள். போகும்போது தெரு முழுக்க அழுதது. வரும்போது தெரு முழுக்க அவள் காரைப் பார்த்தது. கோணியூசி அவள் வாயைப் பார்த்தாள்.

"முன் பல்லை மாத்தியிருக்கா கவனிச்சியா? அங்க போன புதுசுல விழுந்து ஓரம் உடைஞ்சுபோச்சுன்னு சொன்னா. இப்ப பீங்கான் மாதிரி வெள்ளையா ஒண்ணு கட்டியிருக்கா. காசு இருந்தா பல்லு கூட முளைக்கும்."

இதில் இன்னொரு கொடுமை, கோணியூசியின் புருஷன் அந்தக் கட்டடத்துக்கே வாட்ச்மேன். கிடங்கில் பளு தூக்கும் விசையை இயக்கிய மனுஷன், இன்று தொப்பி போட்டுக்கொண்டு கேட் திறக்கிறான். தங்கச்சி காரில் வந்தாலும் எழுந்து நின்றுதான் திறக்க வேண்டும். அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. "என் தங்கச்சிக்குத்தானே திறக்கறேன்," என்பான். குறையெல்லாம் சேர்த்து இவள்தான் பட்டாள்.

இதெல்லாம்கூடப் புகைச்சலோடு போயிருக்கும். பாப்பா வாயைத் திறந்ததும்தான் தீப்பிடித்தது.

பாப்பா அவர்களுடைய ஒரே பெண். வேலைக்குப் போகிற வயதாகியும் வீட்டில் பாப்பாதான். துறைமுகக் கரையில் புதிதாக வந்த அலுவலகத்தில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள். அத்தை வந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு அத்தை வீட்டில். அத்தை தலை வாரிவிடுகிறாள், அத்தை மீன் வறுத்து முள் எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறல் நின்றும் நிற்காமலும் இருந்த காலையில், சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பாவின் குரல் கேட்டது.

"அத்தை வீட்ல ஒரு ரூம் சும்மாத்தாம்மா இருக்கு. நான் அங்க இருந்துக்கறேன். ஆபீஸும் பக்கம்."

"இங்க என்ன இல்ல உனக்கு?"

"கதவு இல்ல."

"இதோ இருக்கே, கண்ணு தெரியலையா?"

"அதைத் திறந்தா என் கால்ல இடிக்குதும்மா. நான் படுக்கிறதே அதுக்குப் பின்னாடிதான். அங்க எனக்குன்னு ஒரு கதவு. மூடினா மூடிக்குது."

"நல்லா மூடிக்கோ. பெத்தவ வந்து தட்டினாலும் திறக்காத."

"பக்கத்துத் தெருதானே, விடேன்," என்றான் அப்பன்காரன். அவன் வாயைத் திறந்ததே தப்பு.

"பக்கத்துத் தெருவா? அது வேற ஊருங்க! நடுவுல செடி நட்டு வெச்சிருக்கான், நாய் நடக்கத் தனி வழி போட்டிருக்கான். நம்ம வரிசை ஆளு அந்தப் பக்கம் போனா எங்க போறேன்னு கேக்கறான். அதைக் கேக்கறதுக்குத்தான் உங்களுக்குத் தொப்பி குடுத்திருக்கான்!"

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அப்புறம் என் வாசலுக்கு வந்து கோணியூசி அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. "என் வேலை போச்சு, எடம் போச்சு, ஜன்னல் போச்சு. போகட்டும். இது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு, அவகிட்ட இல்ல. இதையும் கூட்டிட்டுப் போறா. எனக்குப் பொறாமைதான் டீயக்கா. ஆமா, பொறாமைதான். வெளிய சொன்னா என்ன இப்ப?"

"ஒண்ணும் இல்ல. மூக்கைத் துடை," என்றேன்.

துடைத்துக்கொண்டு உள்ளே போனவள் பரணிலிருந்து ஒரு பழைய சாக்கை எடுத்து உதறினாள். பாப்பாவின் போர்வை, தலையணை, துணிமணி எல்லாவற்றையும் அதற்குள் திணித்தாள். மூட்டை வாயைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். பாப்பா, "பெட்டி இருக்கும்மா," என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. மழை கூரைத் தகரத்தில் தடதடத்துக்கொண்டிருந்தது. இரண்டு மூலையிலும் பிடித்துத் தூக்குவதற்குக் காது வைத்து, மடித்து, குத்தினாள். இருபது வருஷமாக ஊசி தொடாத கை என்று யாரும் சொல்ல முடியாது. நாலு குத்து, ஒரு முடிச்சு. நாலு குத்து, ஒரு முடிச்சு.

"ஏய், இது கப்பல் தையல். பிள்ளை எப்படிப் பிரிப்பா? தொங்கல் விடு," என்றேன்.

"போறவளுக்கு எதுக்குத் தொங்கல்?" நுனியை உள்ளே சொருகி, கட்டை விரலால் அழுத்தி, தெரியாமல் பண்ணிவிட்டாள்.

பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாளே, கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மத்தியானம் வாட்ச்மேன் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தான். தொப்பி கையில் இருந்தது.

"தங்கச்சி உன்னை வரச் சொல்றா. மூட்டையைப் பிரிக்கணுமாம்."

"ஏன், அந்த மாளிகையில ஒரு கத்தி இல்லையா?"

"கத்தி வைக்க விட மாட்டேங்கிறா. மூட்டை வாயைப் பாத்தா, அப்படியே உக்காந்துட்டா. தைச்சவளே வந்து பிரிக்கட்டும்னுட்டா."

"வர மாட்டேன்னு சொல்லுங்க. அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்." அடுப்பை ஊதினாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டாள்: "நேத்து எதைப் போத்திட்டுப் படுத்தா பாப்பா?"

"அத்தை போர்வையைத்தான்."

"அவ போர்வையையா!" கோணியூசி எழுந்துவிட்டாள். "டீயக்கா, கிளம்பு. தனியாப் போனா நான் ஏதாவது பேசிடுவேன். நீ கூட இரு."

நான் கூட இருந்தாலும் பேசத்தான் போகிறாள். இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். எனக்கும் அந்த வீட்டைப் பார்க்க ஆசை, அதை எதற்கு மறைக்க வேண்டும்? அவள் ஊசியையும் சணலையும் பையில் போட்டுக்கொண்டாள்.

பழைய தண்டவாளம் ரோட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. ஒரே ஒரு பளுதூக்கியை மட்டும் விட்டுவைத்து மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள், அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் ஒரு பழைய சாக்கைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கோணியூசி மூக்கு இடிக்கும் அளவு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"யாரு தைச்சது இது, கண்றாவி! நம்ம மாடியில இப்படித் தைச்சிருந்தா மேஸ்திரி செருப்பைக் கழட்டியிருப்பான்."

"இது படம் மாதிரி மாட்டறதுக்கு," என்றான் வாட்ச்மேன்.

"அதான் சொல்றேன், மாட்டறதுக்கு வேற நல்லதா கிடைக்கல?"

லிஃப்ட் இருந்தது. அவள் படியில்தான் ஏறினாள். நானும் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் போனேன். அவள் கை தானாகக் கைப்பிடியைத் தேடிய இடத்தில் இப்போது கைப்பிடி இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது.

கதவைப் பாப்பா திறந்தாள். வெளிச்சமான பெரிய அறை, தரையெல்லாம் பளபளப்பு. நட்ட நடுவில் அந்தச் சாக்கு மூட்டை, காது இரண்டையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் தரையிலேயே நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

"வா அண்ணி. வாங்க டீயக்கா. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட வரல," என்றாள் கோணியூசி. கண் மட்டும் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது.

"பெத்த பொண்ணுக்கா கப்பல் தையல் போட்ட?"

"என் பொண்ணு, என் சாக்கு, என் ஊசி. உனக்கு என்ன வந்துச்சு?"

"எனக்கு என்ன வந்துச்சா? எனக்கும் இதேதானே போட்ட."

கோணியூசி பையைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"நான் போன அன்னைக்கு. என் மூட்டையை நீதானே தைச்சுக் குடுத்த. அங்க போய் இறங்கினா ராத்திரி, பல்லு கிட்டிப்போற குளிரு. ஒரு ஹால்ல நாப்பது பொண்ணுங்க, ஒருத்தி பாஷையும் எனக்குத் தெரியாது. போர்வையை எடுக்கலாம்னு தொங்கலைத் தேடறேன், தேடறேன், இல்லவே இல்ல. கத்திக்கு எங்க போவேன்? பல்லால கடிச்சு இழுத்தேன் அண்ணி. பல்லு உடைஞ்சுது, முடிச்சு அவுரல. மூட்டை மேலயே சுருண்டு படுத்துக்கிட்டேன்."

"விழுந்து உடைஞ்சுதுன்னு சொன்னியேடி?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? அண்ணி என்னை ஒரேயடியாக் கப்பல் ஏத்தி அனுப்பிட்டா, திரும்பி வராதேன்னு தைச்சே சொல்லிட்டான்னு அண்ணனுக்குச் சொல்லவா?"

கோணியூசி என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "அடிப்பாவி... டீயக்கா, நீ சொல்லு. அன்னைக்குக் காலையில இருந்து கடைசிக் கப்பலுக்குத் தைச்சிட்டு வந்தேன்ல? கை மரத்துப்போய், உன் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியலயே?"

"ஆமா. நான்தான் ஊட்டிவிட்டேன்," என்றேன். உண்மைதான்.

"வீட்டுக்கு வந்து, அழுதுட்டே இவ மூட்டையைத் தைச்சேன். கை அதே ஓட்டத்துல ஓடியிருக்கு. என்ன தைச்சேன்னு எனக்கே தெரியாதுடி, சத்தியமா! கை பண்ண தப்பு அது. இத்தனை வருஷமா இதையா மனசுல வெச்சுட்டுத் திரிஞ்ச?"

"அங்க எனக்கு மனசுல வெச்சுக்க வேற என்ன இருந்துச்சு?"

கோணியூசி அப்படியே விடுகிறவளா?

"அதுக்குத்தான் என் ஜன்னலைப் பிடுங்கிட்டியா?"

"அது வேற கணக்கு. அது அதுக்கும் முன்னாடியே," என்றாள் நாத்தனார். இப்போது அவளுக்கும் பழைய குரல் வந்துவிட்டது. "நீ வேகமாத் தைப்ப, காத்தெல்லாம் உனக்கு. நடுவுல நின்னு உன் தூசியைத் தின்னவ நானு. எத்தனை நாள் உன் முதுகைப் பாத்துட்டே வெந்திருப்பேன் தெரியுமா? முன்பக்கம் இதைவிடப் பெரிய வீடு காட்டினான். வேணாம், எனக்கு அந்த ஜன்னல்தான் வேணும்னு நின்னேன்."

கோணியூசியின் முகம் மலர்ந்ததே, அதை நான் பார்த்தேன். எதிரில் இருக்கிறவளுக்குத் தெரியக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள், ஆனால் கன்னம் காட்டிக்கொடுத்தது. அடுத்தவளைப் பார்த்து எரிந்து எரிந்தே காலம் தள்ளியவள். தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்திருக்கிறாள் என்று கேட்டதும் நேரே போய் அந்த ஜன்னலோரம் நின்றாள். கடல் காற்று அவள் முகத்தில் அடித்தது.

"காத்து அதேதான்," என்றாள். "சரி, ஜன்னல் வேணும்னு வாங்கிட்ட. என் பொண்ணு எதுக்கு?"

"வீட்டுக்குள்ள ஒருத்தர் நடக்கிற சத்தம் கேக்குது அண்ணி. அத்தைன்னு ஒரு குரல் வருது. உனக்கு அது தினம் கிடைக்குது. எனக்குப் பொறாமையா இருந்துச்சு, அதான்."

"எனக்குக் கதவு இருக்கிற ரூம் வேணும், அவ்வளவுதான்," என்றாள் இதுவரை சுவரில் சாய்ந்து நின்ற பாப்பா. "உங்க ரெண்டு பேரு சண்டையில என்னை எதுக்கு மூட்டையாக்கறீங்க? அம்மா, நேத்து அதைப் பாத்ததுல இருந்து அத்தை சாப்பிடவே இல்ல. ஒரு போர்வை எடுக்கறதுக்கு இவ்வளவா?"

கோணியூசி பாப்பா பக்கம் திரும்பினாள். "கத்தி எடுத்துட்டு வா," என்றாள். மூட்டையின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அறுத்தாள். கடைசி முடிச்சு அறுந்ததும் சாக்கின் வாய் திறந்து பாப்பாவின் போர்வை எட்டிப் பார்த்தது. பாப்பா கையை நீட்டினாள்.

"தொடாத. நில்லு."

பையிலிருந்து ஊசியையும் சணலையும் எடுத்தாள். திறந்த வாயை மறுபடி மடித்தாள். காது வைத்தாள். நாத்தனார், ஒருவரும் சொல்லாமலே, வந்து இந்தப் பக்கத்து மூலையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போய் வந்தது. இந்தத் தடவை முடிச்சு இல்லை, சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு முழ நூலைத் தாராளமாகத் தொங்க விட்டு அறுத்தாள்.

"திறந்ததை எதுக்கும்மா மறுபடி தைக்கற?"

"பேசாம இழுடி."

பாப்பா தொங்கலைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் வாய் திறந்துகொண்டது. "ஐயோ!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கை கொட்டிச் சிரித்தாள்.

"அவ்வளவுதான். எப்ப தோணுதோ அப்ப இப்படி இழுத்துட்டு வந்துடணும். கதவுக்குப் பின்னாடி எடம் அப்படியேதான் இருக்கும்," என்றாள் கோணியூசி. ஊசியைத் தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. திறந்த சாக்கின் மூலையையே இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாப்பா அங்கேயே தங்கினாள். நாங்கள் இறங்கினோம், மறுபடியும் படியில்தான். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, பழக்க தோஷத்தில் பெண்டாட்டிக்கும் ஒரு சலாம் வைத்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை. கடல் பக்கம் திரும்புகிற ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஜன்னலில் நாத்தனார் மட்டும் நின்றிருந்தாள். இழுத்துப் போட்ட அந்தச் சணல் நூலை எடுத்து, நிதானமாக, தன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்கு அவ எடுத்து வெச்சுக்கறா?" என்றாள் கோணியூசி. "அது என் பொண்ணுக்குத் தைச்சது."

"ஒரு துண்டு நூலுதானே," என்றேன்.

"அது எப்படி? என் பொண்ணுக்குத் தைச்சதை இவ எப்படி எடுத்துப்பா?" கொஞ்ச தூரம் விறுவிறுவென்று நடந்தாள். நின்றாள். திரும்பி கேட் வரைக்கும் வந்து புருஷனிடம் சொன்னாள்:

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. நாளைக்கு ஒரு சாக்கு கொண்டு வர்றேன். அவளுக்குன்னு தனியா ஒண்ணு தைச்சுத் தொலைக்கிறேன், தொங்கல் விட்டு. அதுவரைக்கும் என் பொண்ணோட நூலைத் தொட வேணாம்னு சொல்லுங்க."